முதல் பைக்: ஓட்டிப் பார்க்கும் முன் தள்ளிப் பாருங்கள்

ஏழு வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். கியர் வண்டி வாங்க வேண்டும் என்ற ஆசை கல்லூரி நாளிலேயே இருந்தது, போன வருடம்தான் கையில் காசு சேர்ந்தது. ஊர் திண்டுக்கல். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இனி நான் சொல்வதெல்லாம் அந்த உயரத்திலிருந்து பார்த்தது.

ஸ்கூட்டர் லைசென்ஸ் இருந்தாலும் அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். மறுபடி எல்.எல்.ஆர். போட்டு, குறைந்தது 30 நாள் பொறுத்து, கியர் வண்டியில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். அந்த முப்பது நாளில்தான் எந்த வண்டி என்று முடிவு செய்யலாம் என்றிருந்தேன். முடிவு என்ன, மனதுக்குள் 350 சிசி என்று எப்போதோ எழுதியாகிவிட்டது.

தம்பியின் நண்பனிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு காலை எல் போர்டு ஒட்டி, தம்பியைப் பின்னால் உட்காரவைத்து வத்தலக்குண்டு ரோட்டில் ஓட்டினேன். ஓடும்போது அவ்வளவு சுகம். குலுங்கவே இல்லை. இதுதான் என் வண்டி என்று தோன்றிவிட்டது.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க். தம்பி இறங்கி முன்னால் நடந்தான். வரிசை நகர்ந்ததால் நான் வண்டியை ஓரடி நகர்த்தி நிறுத்தி, இடது காலை ஊன்றினேன். தரை அந்த இடத்தில் இரண்டு விரல் பள்ளம், மேலே மணல் வேறு. கால் நுனிதான் எட்டியது. வண்டி மெதுவாகச் சாய்ந்தது. கொஞ்சம் சாயும் வரை கை தாங்கும், அதைத் தாண்டிவிட்டால் 190 கிலோவைத் தாங்க முடியாது. கிளட்ச் லீவர் நுனியில் இருந்த குண்டு உடைந்து தெறித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முட்டியில் சிராய்ப்பு. இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். வேகம் சுத்தமாகப் பூஜ்யம்.

லீவர் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "தள்ளிப் பாத்தியா பாப்பா?" ஓட்டித்தானே பார்ப்போம், தள்ளி எதற்கு என்றேன். கடை வாசலில் சர்வீசுக்கு வந்த வண்டிகள் நின்றன. வாசல் ரோட்டை நோக்கிச் சரிவு. இன்ஜினைப் போடாமல், ஏறி உட்கார்ந்தபடி, காலால் உந்திப் பின்பக்கமாக மேட்டில் ஏற்றச் சொன்னார். 350 சிசி வண்டி ஒரு ஜாண்கூட நகரவில்லை. 150 சிசி வண்டி ஒன்று மூச்சு வாங்கவைத்து ஏறியது. ஸ்பிளெண்டர் சாதாரணமாகப் போனது. அதன் எடை 112 கிலோ. "ஓடுற வண்டிக்கு எடை கிடையாது. பார்க்கிங்ல, பங்க்குல, டிராபிக்ல நிக்கிறப்பத்தான் எடை" என்றார். அதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

சீட் உயரத்தையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். ஸ்பிளெண்டருக்கு 785 மில்லிமீட்டர், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 805 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர்தானே வித்தியாசம் என்று நினைப்போம். ஆனால் சீட் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்துவிடும், கால் கீழே போகாது. ஒடுக்கமான சீட் என்றால் அதே உயரத்தில் பாதம் முழுதாகப் படியும். இதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. தினமும் போடும் செருப்போடு போய் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் ஷோரூம். அங்கே இருந்தவர் பேசியதெல்லாம் தம்பியிடம். மைலேஜ், பிக்கப், கலர் எல்லாம் அவனுக்கு. வாங்குவது நான் என்று இரண்டு முறை சொன்ன பிறகு, ஓட்டிப் பார்க்க ஸ்கூட்டர் தரட்டுமா என்றார். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. எழுந்து வேறு கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண், கேட்காமலே வண்டியை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தி, "தள்ளிப் பாருங்க அக்கா" என்றாள். அங்கேயே 125 சிசி ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தேன். பில்லில் ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு போட்டிருந்தால் கேளுங்கள். புது வண்டியோடு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் தரவேண்டும் என்பது 1989 மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனம் இருந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம்; பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் டயர் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. நான் வாங்கியபோது 125 வரைக்கும் சி.பி.எஸ். போதும் என்றிருந்தது. அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும், ஆனால் டயர் பூட்டிக்கொள்ளாமல் அது காப்பாற்றாது. புதிதாக ஓட்டுபவர் பதறிப்போய் பிரேக்கை முழுசாகப் பிடிப்பார், ஈரத்தில் டயர் வழுக்கும். அதனால் கால் நன்றாக எட்டுகிற உயரம் உள்ளவர்கள் 150, 160 சிசி வண்டியைத் தயங்காமல் பாருங்கள். நான் என் உயரத்துக்கு 125தான் சரி என்று எடுத்தேன். அதற்கு ஈடாக ஒரு மாதம் தினமும் காலியான மைதானத்தில் தண்ணீர் ஊற்றி பிரேக் பிடித்துப் பழகினேன்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஆர்.சி.யில் கடன் பாக்கி நிற்கிறதா, எச்.பி. என்ற அந்தக் கடன் குறிப்பு கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மூன்றாம் மாதம் சிறுமலை போனேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் ஏறியபோது ஒரு வளைவின் உள்பக்கத்தில் வாழைத்தார் ஏற்றிய ஜீப் இறங்கி வந்தது. நின்றே ஆகவேண்டும், சரியான ஏற்றம் வேறு. நிறுத்தினேன். முன் பிரேக் பிடித்தபடி இரண்டு பாதமும் குதிகால் வரை தாரில் படிந்து நின்றன. ஜீப்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார். வலது காலைப் பின் பிரேக்குக்கு மாற்றி, முதல் கியர், பாதி கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர். வண்டி பின்னால் உருளவே இல்லை, அப்படியே ஏறியது.