புதுப்பிப்பு: கறிவேப்பிலையில் பறவை எச்சம் போன்ற புழு, அடையாளம் தெரிந்தது

தொட்டிக் கறிவேப்பிலையின் கொழுந்தைத் தின்னும், பழுப்பில் வெள்ளைத் திட்டுள்ள புழு எது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலனளித்தது "மருந்தடிக்கும் முன் நாலைந்தை வளர்த்துப் பாருங்கள்" என்ற யோசனை. வலை கட்டிய டப்பாவில், ஈரப்பஞ்சு சுற்றிய கொத்தோடு ஐந்து புழுக்களை விட்டேன். இலையைத் தினமும் மாற்றி எச்சத்தைத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துச் சாகும்.

கடைசித் தோலுரிப்பில் புழு பச்சையாகிவிட்டது. செடியில் பழுப்பு, பச்சை என இரண்டு வகைப் புழு இருப்பதாக முன்பு நான் எழுதியது தவறு, இரண்டும் ஒன்றுதான். தலைக்குப் பின்னால் தொட்டால் கவட்டை போன்ற செம்மஞ்சள் கொம்பு நீண்டது, நெடியும் அடித்தது. அந்துப்பூச்சிப் புழுவுக்கு இது கிடையாது. கூடு கட்டிய பத்தாம் நாள் வெளிவந்தவை பின்னிறக்கையில் வால் போன்ற நீட்சி இல்லாத, கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுள்ள எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிகள். வால் இருந்திருந்தால் அதன் உறவான இன்னொரு வகை. அதுவும் கறிவேப்பிலை தின்னும்.

எதிர்பாராதது: ஒரு கூடு கருத்து, சிறு துளை வழியே குட்டிக் குளவிகள் வந்தன. புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி. கண்டபடி மருந்தடித்தால் முதலில் போவது இதுதான்.

வேப்பெண்ணெய் (லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல்) சின்னப் புழுக்களைத்தான் நிறுத்தியது. பெரியவற்றைக் கையால் எடுப்பதே சுலபம். கொழுந்தில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் முட்டைகளையும் தேடுங்கள்.