அப்பாவின் ஸ்பேனர்களும் 1978 ஸ்பிட்ஃபயரும்

வீட்டிலேயே பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சீர் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. நான் இருப்பது இங்கிலாந்தில், கவென்ட்ரியில். இந்த வண்டியைச் செய்த கேன்லி தொழிற்சாலையும் இதே ஊரில்தான் இருந்தது. பதினொரு வருடம் கொட்டகையில் கிடந்ததை 900 பவுண்டுக்கு வாங்கினேன். மூன்று வருட வார இறுதிகளும், மேற்கொண்டு 2,600 பவுண்டும் ஆயின.

ஏன் இந்தக் கார் என்று கேட்டால் காரணம் அப்பாதான். அவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது, ட்ரையம்ஃபின் ஹெரால்டு காரை இந்தியாவில் அந்தப் பெயரில் செய்தார்கள்; சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் செய்த நாலு கதவு வண்டி. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நாலு கதவு வந்ததே இல்லை, அது நம் ஊர்க்காரர்கள் செய்தது. அந்த ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வைத்துத்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. இரண்டிலும் பானெட், அதாவது இன்ஜின் மூடி, மட்கார்டோடு சேர்ந்து, ஒரே துண்டாக முன்னால் கவிழும். அப்பா முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு ஸ்பார்க் பிளக் கழற்றுவது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது நானும் அப்படித்தான் உட்காருகிறேன்.

ஊருக்குப் போனபோது பரணில் இருந்து அவருடைய டூல் பெட்டியை இறக்கினேன். 7/16, 1/2, 9/16 இன்ச் ஸ்பேனர்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் இந்த வண்டிக்குச் சரியாகப் பிடிக்காது, நட்டின் முனைதான் மழுங்கும். அந்த மூன்றையும் சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்தேன். பாதி வண்டியைக் கழற்ற அவையே போதுமாக இருந்தன.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். பானெட்டைக் கவிழ்த்துவிட்டு, கூட வந்தவரை கிளட்சை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியை, அதாவது இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்கின் முன் நுனியில் இருக்கும் சக்கரத்தை, கவனியுங்கள். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறை நிலா மாதிரி இரண்டு சின்னத் துண்டுகள். முழுக்கத் தேய்ந்தால் கழன்று இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் விழுந்துவிடும், அப்புறம் கிராங்க் இன்ஜின் பிளாக்கையே அரைக்க ஆரம்பித்துவிடும். என் வண்டியில் நல்லவேளையாக விழவில்லை. இன்ஜினை இறக்காமலே, சம்ப்பைக் கழற்றி, கிராங்கைத் தாங்கும் பின் மெயின் பேரிங்கின் மூடியை எடுத்து வாஷரை மாற்றினேன். வாஷரில் எண்ணெய்க் கோடு வெட்டியிருக்கும் பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். நான் டார்ச் அடித்து மூன்று முறை சரிபார்த்தேன். வாஷரின் விலை இரண்டு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். கவனிக்காமல் விட்டிருந்தால் இன்ஜினே போயிருக்கும்.

துருதான் பெரிய வேலை. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகரத்தை இங்கே ஸில் என்பார்கள். ஹெரால்டு சேசிஸில் இரண்டு ஓரத்திலும் சட்டம் உண்டு, ஸ்பிட்ஃபயரில் கிடையாது. பாடியின் பலமே இந்த ஸில்தான். இது தெரியாமல் இடது பக்கத்தை முட்டுக் கொடுக்காமல் வெட்டிவிட்டேன். மறுநாள் கதவு சாத்தவில்லை. வண்டி நடுவில் தொய்ந்திருந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. பிறகு ஜாக் கொடுத்துத் தூக்கி, கதவு நிற்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து, இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாகும்வரை அளந்து அளந்து நிறுத்தினேன். அதற்கே இரண்டு மாதம் போயிற்று. வலது பக்கத்தில் முதலில் குழாய், அப்புறம்தான் தகரம் வெட்டும் கிரைண்டர்.

வெல்டிங் மெஷின் பழையது, 120 பவுண்டு. பட்டி, பெயிண்ட் எல்லாம் நானே. கிட்டே வந்து பார்த்தால் அலை தெரியும், பரவாயில்லை. பிரேக்கில் மட்டும் ஒரு பைசா மிச்சம் பிடிக்கவில்லை. குழாய், சிலிண்டர், ஹோஸ் எல்லாமே புதுசு. இங்கே நாற்பது வருடம் தாண்டிய காருக்கு எம்ஓடி என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் கொண்டுபோய்க் காட்டினேன். நம் வேலையை இன்னொருவர் கண்ணால் பார்ப்பது நல்லது.

ஓடிய அன்று அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ட்ரனியன் என்கிற, முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டைப் பற்றி: “முன் சக்கர ட்ரனியனுக்கு கிரீஸ் அடிச்சியா, ஆயில் போட்டியா?”

கோவையிலிருந்து ஒருவர்:

அண்ணா, அப்பா கேட்டது சரியான கேள்வி. எங்கள் வீட்டு ஹெரால்டில் அதை அனுபவித்தோம். சர்வீசுக்கு விட்ட இடத்தில் கிரீஸ் அடிக்கும் முனையான நிப்பிள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள், எங்களுக்கும் விஷயம் தெரியாது. ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வாசல் கேட்டுக்குள் திருப்பும்போது கடக் என்று சத்தம். இடது சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் சக்கரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் இரும்பு லிங்க், ட்ரனியனுக்குள் போகும் மரை இருக்கும் இடத்தில் துருவேறி ஒடிந்திருந்தது. மெதுவாக வந்ததால் தப்பித்தோம். நீங்கள் என்ன போட்டீர்கள்?

கவென்ட்ரியிலிருந்து:

இபி 90 கியர் ஆயில்தான் தம்பி. பித்தளை நிறத்தில் இருக்கும் ட்ரனியனின் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிளைத் திருகி, கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதில் ஆயிலை நிரப்பி, மேலே சீல் வழியாகக் கசியும்வரை அடிக்கிறேன். கிரீஸ் மரைக்குள் ஏறாமல் கெட்டியாகி நின்றுவிடும், தண்ணீர் உள்ளே தங்கிவிடும். எனக்கு வலது பக்கம் கசியவே இல்லை. அதனால் இரண்டு லிங்க்கையும் கழற்றி மரையைப் பார்த்தேன். வலது பக்கத்தில் துருக்குழி இருந்தது, புதுசு போட்டுவிட்டேன். பழசை அப்பாவிடம் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன்.