23 டப்பா, 34 மூடி

குழு: வீட்டு வாசல்
குழு விளக்கம்: இங்கே தமிழைத் தமிழாக எழுதவும். கொச்சையாக எழுதினால் திருத்துவேன். இப்படிக்குப் பெரியப்பா.

2025 டிசம்பர் 27, சனி

பெரியண்ணன்: பொங்கலுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று இன்றே சொல்லிவிடுங்கள். போகி ஜனவரி 14, புதன். ஞாயிறு வரை சேர்த்தால் முழுதாக ஐந்து நாள்.

கோவை அக்கா: நாங்கள் நான்கு பேரும் உண்டு. செவ்வாய் இரவே வந்துவிடுவோம்.

நான்: நாங்களும் நான்கு பேர். நவம்பரிலேயே சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரசில் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஈரோட்டில் இறங்கி கோபி பஸ் பிடித்துக்கொள்கிறோம்.

சேலம் சித்தி: நான், மகன், மருமகள், பேரன்கள் இருவர்.

பெரியண்ணன்: அப்படியானால் நம் வீட்டு இரண்டையும் சேர்த்துப் பிள்ளைகள் மட்டுமே எட்டுப் பேர். எல்லாம் ஒன்பது வயதுக்குள். எங்கே படுக்க வைப்பது?

அண்ணி: மேற்கு அறையில் படுக்க வைக்கலாம். அதற்கு முதலில் அந்தக் கதவு திறக்க வேண்டுமே.

அண்ணி: (படம்: ஒரு முழம் அளவுக்குத் திறந்த கதவு. உள்ளே உரச் சாக்குகள், அவற்றின் மேல் அரசு கொடுத்த கலர் டிவி, அதன் மேல் இறக்கை இல்லாத மேசை விசிறி, அதன் மேல் ஒரு பூனை)

கோவை அக்கா: பூனையாவது உள்ளே போக வழி கண்டுபிடித்திருக்கிறதே.

நான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அம்மா: படித்துவிட்டேன் கண்ணு. பாரியூர்க் கோயிலுக்கு நான் இந்த வாரம் போகவில்லை. நான் போகும் நேரம் பார்த்து அறையைக் காலி செய்யும் யோசனையை அண்ணன் காதில் தனியாகப் போட்டிருக்கலாம். குழுவில் நானும் இருக்கிறேன்.

நான்: அம்மா, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் வேண்டும் என்றுதான்...

அம்மா: என்னைக் கேட்காமல் ஒரு சாக்கு அந்த அறையை விட்டு நகரக் கூடாது.

கோவை மாமா: (முன்னனுப்பிய படம்: கரும்பு, பானை, மாடு. அடியில் “பழையன கழிதலும் புதியன புகுதலும்”)

பெரியப்பா: மாப்பிள்ளை, இதை ஆண்டுதோறும் அனுப்புகிறீர்கள். நானும் ஆண்டுதோறும் சொல்கிறேன். இது நன்னூல் 462ஆம் நூற்பா. பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதுச் சொற்கள் வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்பது பொருள். பவணந்தியார் நம் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று பெருமை பேசுகிறோம். அவர் இலக்கணம் எழுதினார். பரண் சுத்தம் செய்யச் சொல்லவில்லை.

கோவை மாமா: சரிங்க மாமா. அடுத்த ஆண்டு மாடு மட்டும் அனுப்புகிறேன்.

2026 ஜனவரி 3, சனி

பெரியண்ணன்: இன்று மேற்கு அறை. கோவையிலிருந்து அக்காவும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு பொருளையும் திண்ணைக்குக் கொண்டுவருகிறோம். அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார். மேல்முறையீடு கிடையாது.

சேலம் சித்தி: ஒரு நிமிடம். முப்பது ஆண்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கேளுங்கள். பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு முன் பெரியவர்கள் சாக்கைக் கம்பால் தட்டிப் பாருங்கள், தேள் இருக்கும். தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். சின்னவளுக்கு இளைப்பு உண்டு, அவளைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பிவிடுங்கள். நாப்தலின் உருண்டை ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. பார்ப்பதற்கு மிட்டாய் போலவே இருக்கும்.

சேலம் சித்தி: உடைந்த பொம்மைகளில் சட்டைப் பொத்தான் போல ஒரு பேட்டரி இருக்கும். முதலில் அதைக் கழற்றி எடுங்கள். பிள்ளை விழுங்கி அது தொண்டையில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

அண்ணி: பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில்கூட ஒன்று இருந்தது சித்தி. எடுத்து டேப் ஒட்டித் தனியாக வைத்துவிட்டேன்.

கோவை அக்கா: 11 மணி நிலவரம். உரச் சாக்கு 60, போகலாம் என்றார் அம்மா. டிவி போகலாம். மேசை விசிறி இரண்டும் போகலாம். அப்பாவின் மண்வெட்டிப் பிடி ஐந்து, இருக்கட்டும். தாம்பூலப் பை 86...

நான்: 86 பையா? பத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாமே.

அம்மா: பிளாஸ்டிக் பை கூடாது என்று 2019இல் அரசு தடை போட்டபோது ஊரே மஞ்சப்பை தேடியது. நம் வீட்டில் யாரும் தேடவில்லை.

கோவை அக்கா: ஒவ்வொரு பையிலும் மணமக்கள் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கிறது. அம்மா அதைப் படிக்காமல் கையை எடுக்க மாட்டேன் என்கிறார். ஒரு பைக்கு ஐந்து நிமிடம்.

அம்மா: அந்த ஊதா எழுத்துப் பையைப் போட்டுவிடாதே. அந்த வீட்டார் நமக்கு மொய் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

பெரியண்ணன்: பை இல்லை இது, கணக்குப் புத்தகம்.

அண்ணி: அடுத்தது டப்பா மூட்டை. ஊறுகாய் டப்பா, நெய் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, கடையில் இனிப்பு வாங்கிய டப்பா. அத்தை ஒன்றையும் விட மாட்டேன் என்கிறார்.

அம்மா: பொங்கல் முடிந்து கிளம்பும்போது முறுக்கும் நாட்டுச் சர்க்கரையும் எதில் கொண்டுபோவீர்கள்? சேலை முந்தானையிலா?

கோவை அக்கா: (படம்: திண்ணை முழுக்க டப்பாக்கள். நடுவில் ஐந்து பிள்ளைகள் மண்டியிட்டு ஆளுக்கொரு மூடியைப் பொருத்திப் பார்க்கிறார்கள்)

கோவை அக்கா: அண்ணன் மகள் இதற்குக் கல்யாணம் என்று பெயர் வைத்துவிட்டாள். டப்பா மாப்பிள்ளை, மூடி பெண். பொருந்தினால் ஒருவன் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டுகிறான். பொருந்தாவிட்டால் “ஜாதகம் சரியில்லை” என்று தள்ளிவைக்கிறார்கள். இரண்டு மணி நேரமாக ஒருவர்கூடக் கைபேசி கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எப்போது வந்து சேர்ந்தான் என்றே தெரியவில்லை.

அண்ணி: முடிவு வந்துவிட்டது. டப்பா 41, மூடி 52. கல்யாணம் முடிந்த ஜோடி 18. மூடி இல்லாத டப்பா 23. டப்பா இல்லாத மூடி 34.

நான்: ஜோடி சேராத 57ஐயும் தூக்கிப் போட்டுவிடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அம்மா: யோசித்துப் பார் கண்ணு. ஒவ்வொரு பொங்கலுக்கும் டப்பாவில் பலகாரம் கொண்டுபோனது யார்? சில டப்பா உன் வீட்டில், அதன் மூடி இங்கே. சில மூடி உன் வீட்டில், அதன் டப்பா இங்கே.

நான்: சும்மா பழி போடாதீர்கள் அம்மா. என் வீட்டில் ஒன்றும் இருக்காது. நான் இன்று காலையில்தான் வீட்டையே காலி செய்தேன். பிள்ளைகளின் பொம்மைக் கூடை மட்டும் மூன்று சாக்கு. சின்னவன் தூங்கும்போதே கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டேன். மொத்தம் 210 ரூபாய். அவனுக்குத் தெரியவே தெரியாது.

கோவை அக்கா: உன் சமையலறைப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடு. என் வீட்டில் ஒன்பது இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

2026 ஜனவரி 4, ஞாயிறு

நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா?

அண்ணி: மணி ஏழு. பால் கறந்தே முடித்தாகிவிட்டது. என்ன ஆயிற்று?

நான்: சின்னவன் ஐந்தரை மணியிலிருந்து அழுகிறான். அவனுடைய ரிமோட் காணவில்லை. பேட்டரி மூடி இல்லாத, சிவப்புப் பொத்தான் மட்டும் மிஞ்சிய பழைய டிவி ரிமோட். நாம் திட்டும்போது நம்மை நோக்கி நீட்டி அணைப்பானே, அதுதான்.

கோவை மாமா: என்னையும் இருமுறை அணைத்திருக்கிறான்.

நான்: நேற்று சாக்கில் போட்டுவிட்டேன். இவர் இப்போது பழைய பேப்பர் கடை வாசலில் நிற்கிறார். கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்குமாம்.

பெரியப்பா: நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருளின் விலை தெரியாது. தன்னுடையது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

நான்: 9.40. கிடைத்துவிட்டது. மூன்றாவது சாக்கின் அடியில் இருந்ததாம். கடைக்காரர் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

பெரியண்ணன்: ஆக, நிகர வருமானம் 200.

அம்மா: எடுக்கும்போது அவனைக் கேட்டாயா கண்ணு?

நான்: (குரல் பதிவு, 3 விநாடி)

அண்ணி: மூன்று விநாடியும் பெருமூச்சுதான் கேட்கிறது.

நான்: சரி, அம்மா வழிக்கே வருகிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்ட சாக்குகளை மாலையில் அவன் எதிரிலேயே பிரித்தேன். மூன்று பெட்டி வைத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று பிறருக்கு, ஒன்று தெரியாது. பதினோரு காரில் எட்டைத் தானே பிறருக்குப் போட்டான். பிறந்த நாள் விழாக்களில் கொடுத்தனுப்புகிற பிளாஸ்டிக் ஊதல், பம்பரம், வளையம் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடைந்த குழிக்கரண்டி ஒன்றை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு விட மாட்டேன் என்றான். இருக்கட்டும். அக்காகாரி ஏழு வயது, அவள்தான் கஞ்சம். அவளுடைய பெட்டி முழுக்கத் தெரியாது.

அண்ணி: தெரியாதுப் பெட்டியை என்ன செய்தீர்கள்?

நான்: டேப் போட்டுத் தேதி எழுதிப் பரணில் ஏற்றிவிட்டேன். சித்திரை 1 வரை யாரும் கேட்காவிட்டால் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுவேன். வெளியே ஒரே ஒரு கூடை. எடுத்து விளையாடியதை அவர்களே அள்ளிப் போட முடிகிற அளவுக்குத்தான்.

நான்: இன்னொன்று. சமையலறைப் பரணில் ஏழு டப்பாவும் நான்கு மூடியும் கிடைத்தன. அம்மா எதுவும் சொல்ல வேண்டாம்.

அம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

2026 ஜனவரி 13, செவ்வாய்

பெரியண்ணன்: பழைய இரும்புக்காரர் நேற்று வந்துபோனார். 1,340 ரூபாய். கரும்புக்கு ஆயிற்று.

அண்ணி: பெரியவன் நான்கு டயரை ஒளித்து வைத்திருக்கிறான். போகிக்குக் கொளுத்த வேண்டுமாம். சென்னையில் எல்லாரும் கொளுத்துவதைக் கைபேசியில் பார்த்தானாம்.

நான்: வேண்டவே வேண்டாம் அண்ணி. 2018 போகியன்று இங்கே புகை மூடி, விமானங்கள்கூட இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பின. நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போதெல்லாம் கொளுத்தாமல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுங்கள் என்று மாநகராட்சியே கேட்டு வாங்கிக்கொள்கிறது.

பெரியப்பா: எரிப்பது நம் பக்கத்து வழக்கமும் இல்லை. நமக்குக் காப்புக் கட்டுதான். பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலில் செருகுவது. வாய்க்கால் கரைக்கு அவனை அனுப்பிப் பறித்து வரச் சொல்லுங்கள். தீயைவிட அதில் அலைச்சல் அதிகம், அவனுக்குப் பிடிக்கும்.

அண்ணி: டயரை என்ன செய்வது?

பெரியண்ணன்: வேப்ப மரத்தில் ஊஞ்சல் கட்டிவிட்டேன். மீதி மூன்றும் தெருவில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

2026 ஜனவரி 14, புதன்

சேலம் சித்தி: (படம்: மேற்கு அறை. அகலமான பவானி ஜமக்காளத்தில் எட்டுப் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்குகிறார்கள். சுவரோரம் பாண்டி ஆடச் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கட்டங்கள். நிலைப்படியில் பூளைப்பூக் கொத்து)

கோவை மாமா: எல்லாரையும் அணைத்துவிட்டானா?

நான்: கடைசியாகத் தன்னையே அணைத்துக்கொண்டான். ரிமோட் தலையணைக்கு அடியில் இருக்கிறது, யாரும் கை வைக்காதீர்கள். நாளை பானை பொங்கும் முன் இவர்களை எழுப்புவதுதான் கடினம்.

அண்ணி: இவ்வளவு பெரிய அறை இந்த வீட்டில் இருந்தது கல்யாணமாகி வந்து பன்னிரண்டு ஆண்டில் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

பெரியண்ணன்: பூனை மட்டும் கோபமாக இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைக்கூடப் பார்க்க மறுக்கிறது.

கோவை அக்கா: கல்யாணக் கணக்கும் முடிந்தது. மூன்று வீட்டிலிருந்தும் வந்தவற்றைச் சேர்த்ததில் இன்னும் 21 ஜோடி. மிஞ்சியதை அம்மாவே பழைய பிளாஸ்டிக் மூட்டையில் போட்டார். பச்சை டப்பா ஒன்றைத் தவிர. அப்பா தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோன டப்பா அது. அதன் மூடியை எட்டுப் பேரும் இருட்டும் வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. மூடி இல்லாவிட்டாலும் இருக்கட்டும் என்று உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

2026 ஜனவரி 15, வியாழன்

அம்மா: மணி ஐந்து. எல்லாரும் எழுந்து தலைக்குக் குளியுங்கள். பச்சை மூடி கிடைத்துவிட்டது. கோழிக்கு அதில்தான் தண்ணீர் வைத்திருக்கிறேன்.