ஈராக் குர்திஸ்தான் மலைப்பக்கம் போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஊர்சுத்தி:
நிறைய பேர் தலைநகர் எர்பில்ல கோட்டை, பஜார்னு பார்த்துட்டு அப்படியே ஃப்ளைட் ஏறிடறாங்க, என்னைக் கேட்டா மலை ஏறாம வர்றது வேஸ்ட். டூர் கார் வேணாம், கராஜ்னு கேளுங்க, ஷேர் டாக்ஸி நிக்கிற இடத்தைக் காட்டுவாங்க, நாலு பேர் சேர்ந்தாதான் கிளம்பும். ரவாண்டூஸ்ங்கற மலை ஊர் பக்கம் போற பழைய ஹாமில்டன் ரோடு இருக்கே, 1928-லேர்ந்து 1932 வரைக்கும் நியூசிலாந்து இன்ஜினியர் ஒருத்தர் மேற்பார்வையில பாறையக் குடைஞ்சு போட்டது, கீழ பள்ளத்தாக்கைப் பார்த்தா வயித்தைக் கலக்கும். முடிஞ்சா வெள்ளிக்கிழமை போங்க. ஊரே குடும்பத்தோட ஆத்தோரம் பாய் விரிச்சு உக்காந்திருக்கும். நான் சும்மா போட்டோ எடுத்துட்டு நின்னேன், ஒரு அம்மா கையப் புடிச்சு உக்கார வச்சுட்டாங்க. டோல்மா பானையை அப்படியே பெரிய தாம்பாளத்துல கவுத்தாங்க பாருங்க, திராட்சை இலை, வெங்காயம், கத்திரிக்கா எல்லாத்துக்குள்ளயும் சோறு, அடியில இருந்த ஆட்டு விலா எலும்பு இப்ப மேல, எல்லாரும் ஒரே தட்டுல கை வைக்கிறாங்க. சாப்பிட்டதும் டீ, சின்ன கிளாஸ்ல பாதி சர்க்கரைதான் 😄

மலைக்குருவி:
சைவக்காரங்க உஷார், பீன்ஸ் குழம்புகூட பல இடத்துல கறித் தண்ணியிலதான் கொதிக்குது, கேட்டுட்டு வாங்குங்க. ரொட்டி, தயிர், சீஸ், தேன் இருக்கு, பட்டினி கிடக்க மாட்டீங்க. நான் சொல்ல வந்தது லாலிஷ் பத்தி. யாசிதிங்கற சிறுபான்மை மதத்து மக்களோட புனிதத் தலம். ஊருக்குள்ள நுழையறப்பவே செருப்பக் கழட்டிடணும், கல்லு குளிர்காலத்துல ஐஸ் மாதிரி இருக்கும், சாக்ஸ் எடுத்துட்டுப் போங்க. வாசப்படிய மிதிக்கவே கூடாது, தாண்டித்தான் போகணும். உள்ள தூண்கள்ல கலர் கலரா பட்டுத்துணி கட்டியிருக்கும், யாரோ போட்ட முடிச்சை நீங்க அவுக்கணும், அவங்க வேண்டுதல் பலிக்குமாம், அப்புறம் உங்களுக்காக ஒரு முடிச்சு போடணும். எனக்கு முன்னாடி ஒரு பாட்டி இறுகிப்போன முடிச்சோட ரொம்ப நேரம் போராடினாங்க, பின்னாடி நின்ன கூட்டத்துல ஒருத்தரும் அவசரப்படுத்தல.

கண்ணன்_ட்ரெக்:
ட்ரெக்கிங் போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. ஈரான் பார்டர் பக்கம், சோமான், ஹல்குர்த் (3607 மீட்டர்) மலை ஏரியால எல்லாம் ஈரான்-ஈராக் போர்ல புதைச்ச கண்ணிவெடி இன்னும் இருக்கு. சிவப்பு பெயின்ட் அடிச்ச கல்லையோ மண்டையோட்டு போர்டையோ பார்த்தா அதைத் தாண்டி ஒரு அடி வைக்காதீங்க, ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட பாதைய விட்டு இறங்காதீங்க. உள்ளூர் கைடு இல்லாம அங்க போறேன்னு சொல்றவங்கள நான் பாராட்ட மாட்டேன். செக்போஸ்ட் நிறைய வரும், பாஸ்போர்ட்டை பையோட அடியில போடாம கையிலயே வச்சுக்கங்க. கார்டு பல இடத்துல வேலை செய்யாது, டாலர் கொண்டுபோய் பஜார்ல மாத்திக்கலாம், தெருவோர மேஜை மேல தினார் கட்டு கட்டா அடுக்கி வச்சிருப்பான், ஒருத்தனும் திருடறதில்ல!

ஊர்சுத்தி:
@கண்ணன்_ட்ரெக் கரெக்ட். மார்ச்ல போறவங்க 20-ம் தேதி சாயங்காலம் ஆக்ரேங்கற மலை ஊர்ல இருக்கற மாதிரி பாருங்க, நவ்ரோஸுக்கு (குர்து புத்தாண்டு) தீப்பந்தம் புடிச்சுட்டு மலையேறுவாங்க. கூட்டம் பயங்கரம், மத்தியானமே போயி இடம் புடிச்சுடுங்க, நைலான் சட்டை மட்டும் வேணாம், தீப்பொறி பறக்கும்.