லினக்ஸ் பிசியில் ரியல்டைம்: நடக்குமா, நடக்காதா?

கடைசல்பட்டறை:
பழைய பிசியில் லினக்ஸ்சிஎன்சி (பட்டறை மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்டு, பாரலல் போர்ட் வழியாக ஸ்டெப்பர் மோட்டார் ஓட்டுகிறேன். மோட்டாருக்கு பல்ஸ் அனுப்பும் த்ரெட் 25 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை, நேரம் தவறாமல் (அதுதான் ரியல்டைம்) ஓடவேண்டும். சும்மா இருந்தால் லேட்டன்சி டெஸ்ட் (த்ரெட் எவ்வளவு பிந்துகிறது என்ற அளவு) 12 மைக்ரோசெகண்ட் காட்டுகிறது. பிரவுசரைத் திறந்தால் 90க்குத் தாவுகிறது, மோட்டார் ஸ்டெப்பை விட்டுவிடுகிறது. என்ன வழி?

நேரம்தவறாதவன்:
பிசியை விட்டுவிடுங்கள். லினக்ஸ் எல்லா வேலைக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க எழுதியது. லட்சம் பல்ஸ் சரியாக வந்து ஒன்று பிந்தினாலும் உங்கள் ஜாப் குப்பைக்குத்தான். சில நூறு ரூபாய் மைக்ரோகன்ட்ரோலர் போதும்.

கர்னல்பித்தன்:
இது பழைய பாட்டு. லினக்ஸை ரியல்டைம் ஆக்கும் பிரீஎம்ப்ட் ஆர்டி ஏறக்குறைய 20 வருடம் தனி பேட்ச்சாகக் கிடந்தது, 2024 நவம்பரில் வெளியான 6.12 கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது. இன்டரப்ட் (டிவைஸ்கள் சிபியூவைக் குறுக்கிட்டு அழைப்பது) வேலைகளில் பெரும்பாலானவை தனித்தனி த்ரெட்டாகிவிடும், அவசர த்ரெட் அவற்றை முந்திக்கொள்ளும். பட்டறை சார், ஐசோல்சிபியூஸ் என்ற பூட் ஆப்ஷன் போட்டு ஒரு கோரை ஒதுக்குங்கள். பயாஸில் சி-ஸ்டேட்டை (சிபியூவின் தூக்க நிலைகள்) அணையுங்கள்.

நேரம்தவறாதவன்:
பயாஸ் என்றீர்களே, எஸ்எம்ஐ வந்தால்? போர்டின் ஃபர்ம்வேர் கர்னலுக்குச் சொல்லாமலே சிபியூவைப் பிடுங்கிக்கொள்ளும். உங்கள் ஆர்டி அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

கர்னல்பித்தன்:
உண்மைதான். ஆனால் அதே போர்டில் எந்த ஆர்டிஓஎஸ் (ரியல்டைம் ஓஎஸ்) போட்டாலும் அதே கதி. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி ரீசெட் ஆனதே, அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ். அசல் ரியல்டைம் ஓஎஸ்! ஒரு லாக்கைச் சாதாரண வேலை பிடித்துக்கொள்ள, அவசர வேலை காத்துக் கிடந்து முன்னுரிமை தலைகீழானதுதான் காரணம்.

கடைசல்பட்டறை:
சொன்னதைச் செய்தேன். பிரவுசர், வீடியோ எல்லாம் ஓடவிட்டு ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன். அதிகபட்சம் 28.

நேரம்தவறாதவன்:
28, 25ஐ விடப் பெரியது!

கர்னல்பித்தன்:
பல்ஸுக்கு இது போதாது, சரி. அதை மட்டும் எஃப்பிஜிஏ கார்டிடம் (பல்ஸை ஹார்ட்வேரிலேயே உருவாக்கும் கார்டு) கொடுங்கள். பாதை போடும் சர்வோ த்ரெட் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. அதில் 28 மைக்ரோசெகண்ட் 3 சதவீதம்கூட இல்லை, பிசி தாராளமாகத் தாங்கும்.

நேரம்தவறாதவன்:
அப்படியென்றால் நான் சொன்னதுதானே?

கர்னல்பித்தன்:
நீங்கள் பிசியையே தூக்கிப் போடச் சொன்னீர்கள்.

கடைசல்பட்டறை:
நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். கார்டு வரும்வரை பல்ஸ் த்ரெட்டின் 25ஐ 50 ஆக்கிவிட்டேன். வேகம் பாதி, ஆனால் இன்று ஒரு ஸ்டெப்கூட விடவில்லை. அப்புறம், அந்தக் கார்டை ஈதர்நெட்டில் மாட்டலாமா, பிசிஐ ஸ்லாட்தான் வேண்டுமா?