டைஎலக்ட்ரோபோரெசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். வெள்ளிக்கிழமை எனக்கு முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வு. ஆய்வுச் சுருக்கம் தமிழிலும் வேண்டுமாம், தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். மின்னூட்டமே இல்லாத துகளும் (என் ஆய்வில் ஈஸ்ட் செல்கள்) சீரற்ற மின்புலத்தில், அதாவது இடத்துக்கு இடம் வலு மாறும் புலத்தில், நகரும். அதற்கு ஹெர்பர்ட் போல் 1951இல் வைத்த பெயர்தான் டைஎலக்ட்ரோபோரெசிஸ். ‘மின்புலப் பெயர்ச்சி’ எனலாமா?

———

> மின்புலப் பெயர்ச்சி

வேண்டாம் அம்மா. பட்டினப்பாலையிலேயே ‘புலம்பெயர் மாக்கள்’ வந்துவிட்டார்கள். உங்கள் ஈஸ்ட் செல்கள் கடவுச்சீட்டு கேட்கும்! கிரேக்கத்தில் போரெசிஸ் என்றால் சுமந்து செல்லுதல். நம்மிடம் ‘உய்த்தல்’ இருக்கிறதே. செலுத்துவதும் கொண்டு சேர்ப்பதும் அதில் அடக்கம். ‘உய்த்துணர்தல்’ எங்கிருந்து வந்தது? டைஎலக்ட்ரிக் என்றால் மின்காப்புப் பொருள். ஆகவே ‘மின்காப்புய்ப்பு’.

———

> மின்காப்புய்ப்பு

ஐயா, தேர்வாளர் முன் இதை மூன்று முறை சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதோடு, காப்பு என்றால் ஒயர் மேலுள்ள உறைதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. புலம் துகளில் இரு முனைகளை உண்டாக்குகிறது. ஒரு முனை வலுத்த புலத்தில், மற்றது மெலிந்த புலத்தில். இரண்டு இழுப்பும் சமமில்லை, மிச்சம்தான் விசை. புலத்தின் திசையைத் திருப்பினால் முனைகளும் திரும்பிவிடும், விசை அப்படியே இருக்கும். மாறுமின்னோட்டத்திலும் இது வேலை செய்வது அதனால்தான். பெயரில் தெரிய வேண்டியது புலத்தின் சரிவு: ‘புலச்சரிவு நகர்ச்சி’.

———

சரிவைவிட ‘வாட்டம்’ நல்லது. தளத்தில் தண்ணீர் வடியக் கொத்தனார் பார்ப்பது அதைத்தானே?

———

‘புலவாட்டம்’ என்றால் புலவருக்கு என்ன வாட்டம் என்று கேட்பார்கள். விடுங்கள்.

———

எனக்கு வேறொரு சங்கடம். நேற்று நுண்ணோக்கியில் பார்த்தேன்: உயிருள்ள ஈஸ்ட் மின்முனை விளிம்பில் முத்துக்கோவையாக ஒட்டி நின்றது, செத்தவை விலகி நடு இடைவெளியில் கிடந்தன. ஒன்று வலுத்த புலத்துக்கு ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. ‘சரிவு’ என்றால் இறங்குவது மட்டும் என்று நினைத்துவிட மாட்டார்களா?

———

மலைச்சரிவில் ஏறுவதில்லையா? அப்படியே எழுதுங்கள். முதல் வரியில் மூலப்பெயரையும் போட்டுவிடுங்கள், கேள்வி வராது.

———

சரி, ‘புலச்சரிவு நகர்ச்சி’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

———

கொடுத்தாயிற்றா? எனக்கு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். நகர்ச்சி என்றால் தானாக நகர்வது. ஓடும் அலைப்புலத்தால் துகளைக் கடத்திப்போகும் முறையும் உங்கள் துறையில் உண்டல்லவா? அதற்காவது ‘உய்ப்பு’ என்பதை ஒதுக்கி வையுங்கள்.