புதுப்பிப்பு: சுவரில் சுவர்க்கோழி, கோடு கோடாக வந்துவிட்டது

இரவில் 'க்ரி க்ரி' என்று கத்தும் பூச்சியான சுவர்க்கோழியின் சத்தத்தை ஸ்பெக்ட்ரோகிராமாக (நேரத்தைக் குறுக்கேயும் ஒலியின் அதிர்வெண்ணை உயரத்திலும் காட்டும் படம்) எடுத்து, தெருக்காரர்கள் சேர்ந்து 10 அடிச் சுவரில் வரைவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். கோடுகள் பிரியாமல் ஒரே பட்டையாக வந்ததுதான் அப்போதைய சிக்கல்.

காரணம் விண்டோ சைஸ், அதாவது ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளாக வெட்டிப் பார்க்கிறோம் என்பது. சுவர்க்கோழியின் ஒவ்வொரு 'க்ரி'யும் நாலைந்து துடிப்புகள். ஒரு துடிப்பு சுமார் 20 மில்லிசெகண்ட், இடைவெளியும் அவ்வளவே. செகண்டுக்கு 48,000 சாம்பிள் பதிவில் விண்டோவை 2048 வைத்தால் ஒரு விண்டோ 43 மில்லிசெகண்ட். துடிப்பும் இடைவெளியும் அதற்குள்ளேயே கலந்துவிடும். 512 வைத்தால் 11 மில்லிசெகண்ட்தான், துடிப்புகள் தனித்தனியாகத் தெரியும். பட்டை உயரத்தில் கொஞ்சம் தடிக்கும், பரவாயில்லை. ஸ்பெக்ட்ரோகிராம் எடுக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் உயர ஸ்கேலை 'மெல்' (Mel) என்பதிலிருந்து சம இடைவெளியுள்ள 'லீனியர்' (Linear) என்பதற்கு மாற்ற மறக்காதீர்கள்.

சுவர்க் கணக்கு: குறுக்கே 1 அடிக்கு 0.2 செகண்ட், உயரத்தில் 1 அடிக்கு 1 கிலோஹெர்ட்ஸ். சத்தம் 5 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, அதாவது பெரியவர்களின் முகவாய் உயரத்தில் விழும். பிள்ளைகளுக்கு ஸ்டூல் வேண்டும்.

ஒரு துடிப்பு சுவரில் 1.2 அங்குல அகலம் வரும். ஆனால் அதை அச்சாக ஒற்றும் ஸ்பாஞ்சை 1 அங்குல அகலத்துக்கே வெட்டுங்கள், அழுத்தும்போது விரியும். டிஸ்டெம்பரில் தண்ணீர் கூடினால் ஒழுகும். முதல் அச்சைப் பழைய பேப்பரில் ஒற்றிவிட்டுச் சுவருக்குப் போங்கள்.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். ஒரே சீராக வரும் பூச்சிச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து போனே அமுக்கிவிடலாம். சுருக்காத வேவ் (WAV) ஃபைலாகவே பதியுங்கள்.